வாரைப் பிடி

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, மேகம் இருட்டிக்கிட்டு வந்தும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

இசைக்கருவி மாறிக்கிட்டே வருது, அதோட சொற்களும் மாறணுமா, பழைய சொல்லே இருக்கணுமா? இதுதான் தலைப்பு. சொல் இருக்கணும்ங்கிற அணி நாங்க.

எனக்கு முன்னால பேசின தம்பி ஒரு உண்மையைச் சொன்னாரு. இப்ப வர்ற தவில்ல முகத்தை இழுத்துக் கட்டுற தோல் வார் கிடையாது, இரும்பு வளையமும் போல்ட்டு நட்டும்தான்னாரு. சரிதான். அதோட விட்டாரா? "கையில ஸ்பானரை வச்சுக்கிட்டு வாருன்னு சொல்றவங்க, கேஸ் அடுப்பைப் பத்த வச்சுட்டு ஊதுகுழலைத் தேடுவாங்களா?"ன்னு கேட்டாரு. பந்தலே சிரிச்சுது. அந்த ஊதுகுழலுக்குப் பிறகு வர்றேன். முதல்ல எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

எங்க அப்பா தவில்காரர். வார் இழுத்துக் கட்டின தவில்ல கத்துக்கிட்டவர். எனக்கு விவரம் தெரியிறதுக்குள்ளயே அவரும் போல்ட்டு வச்ச தவிலுக்கு மாறிட்டாரு. கருவி மாறிச்சு, வாயில இருந்த வார் மட்டும் போகலை.

ஒரு கார்த்திகை மாசம், மாப்பிள்ளை அழைப்பு. சாயங்காலத்துலேருந்து தூறல். ஈரக் காத்துல தோல் இளகிப்போச்சு. வலந்தலை, அதான் தவிலோட வலது பக்கம், 'ணங்'னு பேச வேண்டிய இடத்துல 'தொப்'புங்குது. நாயனக்காரர் ஆலாபனையை ஆரம்பிச்சுட்டாரு. அவர் முடிக்கிறதுக்குள்ள தவில் சரியாகணும். அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்த என் தம்பியைப் பார்த்தாரு. ஒன்பது வயசு, அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கூட வந்திருக்கான். "டேய், வாரைப் பிடிடா"ன்னாரு.

அவன் தவிலை மேல பார்த்தான், கீழ பார்த்தான், சுத்தி வந்து பார்த்தான். வார் எங்க இருக்கு? எழுந்து வெளியே ஓடினான். பந்தல் வாசல்ல கல்யாணத்துக்கு வந்தவங்க செருப்பு மலையாக் குவிஞ்சு கிடக்கு. திரும்பி வந்தான் பாருங்க, கையில ஒரு ரப்பர் செருப்போட அறுந்த வார்! மூச்சு வாங்க நீட்டுறான், "அப்பா, வார்!" தாளம் போட்டவர் தாளத்தை விட்டுட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அப்பா மட்டும் சிரிக்கலை. அவனை இழுத்துப் பக்கத்துல உட்கார வச்சாரு, ஸ்பானரைக் கையில கொடுத்தாரு, அவன் தலையைப் பிடிச்சுக் காதைத் தவில் கட்டையில அழுத்தினாரு. "கொஞ்சம் முறுக்கு. கேளு. அடுத்தது. கேளு. இன்னும் கொஞ்சம். கேளு. போதும்."

இந்த இடத்தை வேகமாச் சொல்லிட்டேன். மறுபடியும் சொல்றேன். முறுக்கு, கேளு. முறுக்கு, கேளு. அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல திரும்பி வரும்போது தம்பி அழுதுக்கிட்டே கேட்டான். "போல்ட்டை முறுக்குடான்னு சொல்லியிருந்தா உடனே முறுக்கியிருப்பேனே அப்பா, எல்லாரும் சிரிச்சிருக்க மாட்டாங்களே?" அப்பா சொன்னாரு. "முறுக்கியிருப்ப. கை நிக்கிற வரைக்கும் முறுக்கியிருப்ப. தோல் கிழிஞ்சிருக்கும். வாரைப் பிடிக்கிறவன் காது நிக்கிற இடத்துல நிறுத்துவான்டா."

நடுவர் ஐயா, அந்தச் சொல்லுக்குள்ள ஒரு வேலை இருக்கு. எவ்வளவு இழுக்கணும், எங்க நிறுத்தணும்ங்கிறது அதுக்குள்ள இருக்கு. போல்ட்டுங்கிற சொல்லுல இரும்பு மட்டும்தான் இருக்கு.

இப்ப ஊதுகுழலுக்கு வர்றேன். தம்பி, நீங்க என்ன சொன்னீங்க? கேஸ் அடுப்பு! அந்த அடுப்பு எங்கேருந்து வந்துச்சு? மூணு கல்லு போச்சு, விறகு போச்சு, சாம்பல் போச்சு, புகை போச்சு. அடுப்பு போச்சா? இப்ப மின்சாரத்துல ஒண்ணு வந்திருக்கு, அதுல தீயே கிடையாது. அதையும் நம்ம வீட்டுப் பெண்கள் அடுப்புன்னுதான் சொல்றாங்க. "அடுப்புல பால் இருக்கு, பார்த்துக்கோடா"ன்னு உங்க அம்மா சொன்னா, எந்த அடுப்புன்னு கேட்டுக்கிட்டா நின்னீங்க? ஓடிப்போய்ப் பாலைத்தானே இறக்கி வச்சீங்க! பொருள் மாறினா சொல்லும் மாறணும்னு பேச வந்த உங்க வாயிலேயே அடுப்புங்கிற சொல்தான் வந்துச்சு. ஊதுகுழலை நாங்க தேடலை தம்பி. எங்க கட்சிக்குச் சாட்சி தேடினோம், அதை நீங்களே கொண்டுவந்து கொடுத்துட்டீங்க.

மிருதங்கத்தையே எடுத்துக்குங்க. மிருத்துன்னா மண்ணு. மண்ணுடம்புன்னு பேரு வச்சிருக்கோம், இன்னைக்கு வாசிக்கிறதெல்லாம் பலா மரம். யாராவது பேரை மாத்தினாங்களா? சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்கு நல்லார் கிட்டத்தட்ட 30 தோற்கருவியை அடுக்குறாரு. அதுல கரடிகைன்னு ஒண்ணு. ஏன் அந்தப் பேரு? கரடி கத்தினாப்போல ஓசை வருமாம். என்ன தோல், என்ன மரம்னு பார்த்து வச்ச பேரில்லை, காதால கேட்டு வச்ச பேரு.

ஒரே பேரா இருந்தா வாங்குறவங்க குழம்பிடுவாங்கன்னு எதிரணித் தலைவர் கேட்டாரு. நியாயமான கேள்வி. அதுக்கு நாகசுவரம் செய்யிற ஊரான நரசிங்கன்பேட்டை பதில் சொல்லிடுச்சு. நாகசுவரத்தைத்தான் நாயனம்னும் சொல்றோம். முன்னே இருந்தது திமிரி நாயனம். குட்டையா இருக்கும், சுருதி உச்சத்துல நிக்கும். நாகசுவர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குச் சுருதி இறங்கி வேணும். 1955-ல அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செஞ்சு கொடுத்தாரு. நீளம் மாறிச்சு, சுருதி மாறிச்சு. அடையாளத்துக்குத் திமிரி, பாரின்னு முன்னால ஒரு சொல் சேர்த்தாங்க. நாயனம் நாயனமாவே இருந்துச்சு. 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் நரசிங்கன்பேட்டை நாகசுவரம்னுதான் கொடுத்தாங்க. வேணும்னா ஃபைபர் பறைன்னு சொல்லுங்க, தோல் பறைன்னு சொல்லுங்க. பறையை எடுக்காதீங்க. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வத்தோடயும் உணவோடயும் சேர்த்து வச்ச சொல் அது. அந்தப் பேரைச் சொல்லித்தான் ஒரு மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தினாங்க. அதே பேரைத் தலை நிமிர்ந்து சொல்லிக்கிட்டு இன்னைக்கு எங்க பிள்ளைங்க மேடையில அடிக்கிறாங்க. இப்பப் போய், தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக் வந்துடுச்சு, பேரை மாத்துவோம்னா என்ன நியாயம்?

நேரம் முடியுதுன்னு நடுவர் ஐயா பார்க்கிறாரு. ஒண்ணே ஒண்ணு.

அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவர் பெட்டியில ஒரு தகர டப்பா இருந்துச்சு. உள்ள விரல் கூடு. துணியைப் பசையில தோய்ச்சு விரல்ல சுத்திக் காய வைப்பாங்களே, அதுதான். அன்னைக்குத் தம்பி ஒண்ணொண்ணா எடுத்து மாட்டிப் பார்த்தான். ஒண்ணும் சேரலை. ஒருத்தர் விரலுக்குச் செஞ்ச கூடு இன்னொருத்தருக்குச் சேராது. மூடி வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதான்.

போன தை மாசம் ஒரு கல்யாணம். தம்பிதான் தவில். அவன் மக, எட்டு வயசு, பக்கத்துல உட்கார்ந்திருக்கா. பனியில தோல் இளகுது. தம்பி திரும்பிப் பார்த்து, அதே குரல், எங்க அப்பா குரல், "வாரைப் பிடிம்மா"ங்கிறான். தோல் வாரைக் கண்ணால பார்க்காத பிள்ளை அது. பையிலேருந்து ஸ்பானரை எடுத்தா. குனிஞ்சு காதைக் கட்டையில வச்சா. கண்ணை மூடிக்கிட்டா. கொஞ்சம் முறுக்கினா, கேட்டா. அடுத்ததை முறுக்கினா, கேட்டா.

"இன்னும் கொஞ்சம்ப்பா... ம். போதும்."

வணக்கம்.