முகப்பிலிருந்து அடுப்படி வரை

நடுவர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். செட்டிநாட்டு வீட்டு நெட்வொர்க்குக்கு ஏற்றது செம்புக் கம்பியா, கண்ணாடி இழையா என்பது தலைப்பு. நான் கண்ணாடி இழைக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், செம்பு டேட்டாவோடு கரண்டையும் கொண்டுபோகும், எந்த வயர்மேனும் முனை போட்டுவிடுவார் என்றார். இரண்டும் உண்மை. ஆனால் எந்த வீட்டை நினைத்துப் பேசினார்? நம் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். கேபிள் நம்மைப்போல வளவின் நடுவே நடந்து போகாது. தாழ்வாரத்தைச் சுற்றி, ஏறி இறங்கித்தான் போகும். செம்புக்கு எல்லை 100 மீட்டர். கேட்-6 என்ற வகைச் செம்புக் கம்பியில் நொடிக்கு 10 ஜிகாபிட் வேகம் வேண்டுமென்றால் 55 மீட்டர்தான். சிங்கிள் மோட் என்ற, நெடுந்தூரத்துக்கான கண்ணாடி இழைக்குக் கிலோமீட்டர் கணக்கு.

தூரத்தைவிட எனக்கு வலித்தது இடி. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு வீட்டுக்கு நான் செம்புதான் இழுத்தேன். ஐப்பசியில் ஒரே ராத்திரி இடிமழை. காலையில் போனால் முகப்பு ரூட்டர், இரண்டாம் கட்டு ஸ்விட்ச், அடுப்படிக் கேமரா மூன்றும் போயிருந்தன. வீட்டின்மேல் இடி விழவில்லை. பக்கத்தில் மின்னல் இறங்கினாலே நீளமான செம்பில் மின்னழுத்தம் எகிறி, இரு முனையிலும் உள்ள கருவிகளை அடித்துவிடும். கண்ணாடியில் ஓடுவது வெளிச்சம். அதில் மின்சாரம் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி வைக்காத ஃபைபராகப் பார்த்து வாங்கினால், ஒரு கட்டில் நேர்ந்த சேதம் இழை வழியே அடுத்த கட்டுக்குத் தாவாது. இப்போது அங்கே அதைத்தான் போட்டிருக்கிறேன்.

சுவரையும் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. ஒருமுறை கொத்தினால் அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். கேட்-5 போய் கேட்-6 வந்தது, பிறகு கேட்-6ஏ வந்தது. ஒவ்வொரு முறையும் கம்பியை உருவி மாற்றுவதா? சிங்கிள் மோட் இழையில் 1 ஜிகாபிட்டை 10 ஆக்க, இரு முனையிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும்.

கண்ணாடி ஒடியும் என்று பயமுறுத்தினார்கள். ஜி.657.ஏ2 வகை இழை ஏழரை மில்லிமீட்டர் ஆரம்வரை வளைந்து கொடுக்கும். நம் உத்திர மூலைக்கு அது தாராளம். முனையோடு தயாராக வரும் கேபிளும் கடையில் கிடைக்கிறது.

கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் கரண்ட் போகவேண்டிய கடைசிப் பத்தடியில் செம்பு இருக்கட்டும். அதில் அண்ணனோடு எனக்கு வழக்கில்லை. கட்டுவிட்டுக் கட்டு போகும் பாதையைக் கண்ணாடிக்குக் கொடுங்கள், நடுவர் அவர்களே.