ராஜாவின் முன்னால் ஒரு நொடி ஜெபம்

நேயர்களுக்கு அன்பின் ஸ்தோத்திரம்.

"ஜெபத்துக்கென்று உட்கார நேரம் கிடைப்பதில்லை. பஸ்ஸில் போகும்போதும் சமைக்கும்போதும் மனதுக்குள் ஜெபித்துக்கொள்கிறேன்." விசுவாசிகள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். அதுவும் நல்ல ஜெபம்தான். வேதத்தில் அதற்கு ஆதாரமாக நெகேமியாவைக் காட்டுவார்கள். சரி, அவரையே பார்ப்போம்.

பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரர், அதாவது திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிறவர், அவர். சூசான் அரண்மனையில் வேலை. ஒருநாள் அவர் முகம் வாடியிருப்பதை ராஜா பார்த்துவிட்டார். நெகேமியாவுக்கோ மிகுந்த பயம். எருசலேமின் நிலையைச் சொன்னதும், "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் ஜெபித்தார். கையில் வேலை, எதிரே ராஜா, பக்கத்தில் ராணி. முழங்கால் போட முடியுமா? ஒரு நொடிதான்.

ஆனால் நெகேமியா புத்தகத்தில் அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்தின் மதில், இடிந்து கிடக்கிற செய்தி அவருக்கு வந்தது யூதர்களின் கிஸ்லேவு மாதம். ராஜா கேட்டது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய 4 மாதங்கள். செய்தி கேட்ட நாள்முதல் உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், இரவும் பகலும் மன்றாடினார். அரண்மனை உத்தியோகத்தில் இருந்துகொண்டேதான் இதைச் செய்தார். அந்த ஒரு நொடி ஜெபத்துக்கு அடியில் அத்தனை நாள் ஜெபம் இருந்தது.

அப்புறம் அவர் கேட்டதைக் கவனியுங்கள். போய்வர எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்கிறார். ஐப்பிராத்து நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். வாசல்களுக்கு மரம் வேண்டும், அதற்கு வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். இந்தத் தெளிவு அந்த மாதங்களில் தேவசமுகத்தில் காத்திருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

அதனால்தான் தனி நேரம் வேண்டும் என்கிறேன். எந்த நேரம் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. கைக்குழந்தையோடு ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற தாயிடம், "நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணு" என்று சொல்வது இரக்கமில்லாத உபதேசம். பிள்ளை மத்தியானம் தூங்கும்போது அவள் ஜெபிக்கட்டும். நைட் டியூட்டி முடித்து வருகிற நர்ஸ் சகோதரிக்குப் படுப்பதற்கு முந்தின கால்மணி நேரம் போதும். போன் மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டால், பிறகு சங்கீதத்தில் மனம் நிற்காது.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவிக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று இன்றைக்கே கேளுங்கள். அந்தக் கால்மணி நேரம் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில் அடித்தால் எழுந்துபோய் அடுப்பை அணைப்பதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.