சிங்கர் 221: அந்தப் பழைய குட்டி மிஷின் தைக்கலைன்னா முதல்ல எங்க பார்க்கணும்

வணக்கம். மேசை மேல இருக்குறது சிங்கர் 221, ஃபெதர்வெயிட். 1933ல சிகாகோ உலகக் கண்காட்சியில அறிமுகமான மாடல். உடம்பு அலுமினியம், அதனால எடை 5 கிலோதான். இடது பக்கம் இருக்குற இந்தப் பலகையை இப்படி மேல மடக்கிட்டா பெட்டிக்குள்ள அடங்கிரும். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஜிக்ஜாக் கிடையாது. ஆனா அந்த நேர்த்தையலுக்காகத்தான் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் ஒட்டுத்துணி குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைக்கிறவங்க இன்னிக்கும் இதைத் தேடி வாங்குறாங்க.

"ஓடலை, தையல் விழலை"ன்னு விலை குறைச்சு விக்கிற மிஷினைப் பார்த்து பயப்படாதீங்க. பல தடவை உள்ள எதுவும் உடைஞ்சிருக்காது. ஊசி தப்பா இருக்கும், பாபின் கேஸ் (கீழ்நூல் சுத்தின பாபின் உட்கார்ற கூடு) தப்பா உட்கார்ந்திருக்கும், இல்ல எண்ணெய் காய்ஞ்சு பிசின் மாதிரி பிடிச்சிருக்கும். அந்த வரிசையிலயே பார்த்துரலாம்.

முதல்ல ஊசி. இப்போ வர்ற வீட்டு மிஷின்கள்ல ஊசியோட தட்டைப் பக்கம் பின்னாடி பார்த்து இருக்கும். இதுல இடது பக்கம் பார்த்து இருக்கணும். நூலை வலதுல இருந்து இடதுக்குக் கோர்க்கணும். மாத்திப் போட்டா தையல் விட்டு விட்டு விழும், இல்ல விழவே விழாது. ஊசி கிடைக்குமான்னு கவலையே வேண்டாம், கடையில சாதாரணமா விக்கிற 130/705 ஹெச் ஊசிதான். பருத்தித் துணிக்கு 80, கொஞ்சம் கனமான துணிக்கு 90.

பாபின் விஷயம் அப்படி இல்லை. நம்ம ஊர் கருப்பு மிஷின் பாபின் இதுல சேராது. 221க்குன்னு தனி அளவு, சிங்கர் 301க்கும் அதே பாபின்தான். பழைய மிஷின் வாங்கும்போது பாபின் கேஸ் உள்ள இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க. அது இல்லாத மிஷின் மலிவா கிடைச்சாலும், தனியா வாங்கப் போனா கையைக் கடிக்கும்.

இப்போ ரொம்ப முக்கியமான இடம். ஊசி இறங்குற இந்தத் தகட்டை ரெண்டு ஸ்க்ரூ கழட்டி எடுக்குறேன். கீழ பாருங்க, பாபின் கேஸ் உட்கார்ற வளையத்துல விரல் மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. தகட்டைத் திருப்பினா அடியில ஒரு வெட்டு தெரியுது. அந்த விரல் இந்த வெட்டுக்குள்ள உட்காரணும். பஞ்சு எடுக்கத் தகட்டைக் கழட்டுறவங்க, திரும்ப மாட்டும்போது இதைக் கவனிக்காம ஸ்க்ரூவை முறுக்கிருவாங்க. அப்புறம் ஊசி உடையும், நூல் சிக்கும், "மிஷின் போச்சு"ன்னு விக்க வந்துரும். தகடு ஆடாம சமமா உட்கார்ந்த பிறகுதான் ஸ்க்ரூ. மாட்டினதும் வீலைக் கையால ஒரு முழுச் சுத்து சுத்திப் பாருங்க, எங்கயும் இடிக்கக் கூடாது.

வீல் பாதியில நின்னு இறுகிப் போச்சுன்னா, அந்த வளையத்துக்குப் பின்னாடி நூல் மாட்டியிருக்கும். தைக்க ஆரம்பிக்கும்போது மேல்நூல், கீழ்நூல் ரெண்டையும் ஒரு 10 சென்டிமீட்டர் விட்டு, பின்பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கணும். நாலு தையல் விழுற வரைக்கும் விடக் கூடாது. அதை விட்டாத்தான் நூல் உள்ள போய் சுத்திக்கும். அப்படி மாட்டிக்கிச்சுன்னா மிதியைப் போட்டு அழுத்தாதீங்க, மோட்டார் சூடாகும். பிளக்கைப் பிடுங்கி, ஊசியைக் கழட்டி, பாபின் கேஸை எடுத்துட்டு, அந்த இடத்துல ரெண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்க. கொஞ்ச நேரம் ஊறட்டும். வீலை முன்னும் பின்னும் மெதுவா அசைச்சா நூல் முனை வெளிய வரும், ட்வீசரால இழுத்துரலாம். வரலைன்னா தகட்டைக் கழட்டுங்க. வளையத்தைப் பிடிச்சிருக்குற வளைஞ்ச பட்டை ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூல நிக்குது, அதையும் எடுத்தா வளையம் கையோட வந்துரும். ஸ்க்ரூ தலையோட வெட்டுக்குச் சரியாப் பொருந்துற ஸ்க்ரூ டிரைவர் இல்லாம அதுல கை வைக்காதீங்க. தலை தேய்ஞ்சா அப்புறம் கழட்டவே முடியாது.

நூல் எதுவும் இல்லை, ஆனா மொத்தமா இறுகி இருக்குன்னா அது காய்ஞ்ச எண்ணெய். எண்ணெய் விடுற ஓட்டைகள்ல மண்ணெண்ணெய் சொட்டு சொட்டா விட்டு, ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி, ஒரு ராத்திரி விட்டுருங்க. மோட்டார் பக்கம் மண்ணெண்ணெய் போகவே கூடாது. அசைய ஆரம்பிச்சதும் அதைத் துடைச்சுட்டு நல்ல மிஷின் எண்ணெய் விடணும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனா உராய்வைத் தாங்காது. தேங்காய் எண்ணெய் எந்தக் காலத்துலயும் வேண்டாம், இந்தப் பிசினே அப்படித்தான் வருது.

மோட்டார்ல ரெண்டு சின்னக் குழாய் தெரியுதா? அது எண்ணெய்க்கு இல்லை, கிரீஸுக்கு. எண்ணெய் விட்டா உள்ள வழிஞ்சு கம்பிச் சுருள்லயும் கார்பன் பிரஷ்லயும் படியும், மோட்டார் புகையும். எல்லா கிரீஸும் இதுக்கு ஒத்து வராது. மோட்டாரோட இளஞ்சூட்டுலயே உருகுற மென்மையான கிரீஸா இருக்கணும். வண்டிக்குப் போடுற கெட்டி கிரீஸ் குழாய்லயே உட்கார்ந்துரும், பேரிங்குக்குப் போகாது. அடியில இருக்குற பற்சக்கரங்களுக்கும் கிரீஸ்தான், பல்லு மேல மெல்லிசா. அடித்தட்டை எடுத்தா ஒரு ஃபெல்ட், அதாவது எண்ணெயை உறிஞ்சுற கம்பளி மாதிரித் துண்டு, இருக்கும். பழைய எண்ணெய் குடிச்சு நாறுதுன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைங்க.

பெல்ட் ரொம்ப இறுக்கமா இருந்தாலும் மோட்டார் திணறும். விரலால அழுத்தினா கொஞ்சம் உள்ள போகணும், ஆனா வீல்ல வழுக்கக் கூடாது. வீலைக் கழட்டி மாட்டின பிறகு, பாபின்ல நூல் சுத்தும்போது ஊசியும் சேர்ந்து ஏறி இறங்குதா? நடுவுல இருக்குற வாஷரை அரைச்சுத்து திருப்பிப் போடுங்க, சரியாயிரும்.

கரண்ட். அமெரிக்காவுல விக்கிறதுக்குன்னு வந்த மிஷின் 110 வோல்ட். அதை இந்தியாவுலயோ இலங்கையிலயோ 230ல நேரா சொருகினா மோட்டாரும் பல்பும் போயிரும். குறைஞ்சது 200 வாட் தாங்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க் ஆலையில செஞ்ச 221கே மிஷின்கள்ல 230 வோல்ட்டுக்கு ஏத்தது கிடைக்கும். எதுவா இருந்தாலும் மோட்டார் தகட்டுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டுத்தான் சொருகணும். ஒயர் மேல இருக்குற ரப்பர் வெடிச்சிருந்தா மாத்தாம ஓட்டாதீங்க.

துடைக்கிறதுக்கு ஸ்பிரிட் வேண்டாம். கருப்பு மிஷின்ல தங்க நிறப் பூ வேலைக்கு மேல இருக்குறது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு, அது ஸ்பிரிட்ல கரையும். பூவும் சேர்ந்து போயிரும், திரும்ப வராது. பஞ்சுத்துணியில மிஷின் எண்ணெய் தொட்டு மெதுவா தேய்ச்சாப் போதும்.

இப்போ தைச்சுப் பார்க்கலாம். நூல் கோர்க்கும்போது துணியை அழுத்துற பாதம் மேல இருக்கணும், அப்பத்தான் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு விரிஞ்சு நூல் உள்ள போகும். டென்ஷன் எண்ணை மாத்துறதா இருந்தா பாதத்தை இறக்கிட்டு மாத்துங்க. 4ல ஆரம்பிக்கலாம். அடியில நூல் வளையம் வளையமா தொங்கினா முதல்ல மேல்நூலைத் திரும்பக் கோருங்க, டயலைத் திருகுறது அதுக்கு அப்புறம். தையல் நீளம் அங்குலத்துக்கு 12 தையல்.

ஒட்டுத்துணிக்குத் துணி ஓரத்துல இருந்து கால் அங்குலம் தள்ளித் தையல் விழணும். பாதத்தோட ஓரத்தை மட்டும் நம்பாதீங்க. ஒன்றரை அங்குல அகலத்துல மூணு பட்டை வெட்டி, பக்கத்துல பக்கத்துல சேர்த்துத் தைச்சு, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்க. சரியா 1 அங்குலம் வரணும். குறைஞ்சா தையல் அகலமாப் போகுது, கூடினா ஒடுங்கிப் போகுது. ஒரு மாஸ்கிங் டேப்பை வழிகாட்டியா ஒட்டி, 1 அங்குலம் வர்ற வரைக்கும் நகர்த்தி நகர்த்திப் பாருங்க. பலகை மடியுற கோட்டுக்குக் குறுக்கால மட்டும் டேப் ஒட்டாதீங்க, மடக்கும்போது கிழிஞ்சுரும்.