வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, போதுமா?

வணக்கம் நேயர்களே. லண்டனில் ஒரு கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். அடுத்தவர் வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பதும் படிக்கட்டின் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பதும்தான் என் உத்தியோகம். அதனால் "அகதிகளுக்கு வீட்டில் இடம் கொடுப்பது பற்றிக் கதையுங்கோ" என்று தயாரிப்பாளர் தம்பி கேட்டதும் உடனே ஓம் என்றுவிட்டேன். ஏன் கொடுக்க வேண்டும் என்று இந்த வானொலி கேட்கிற ஆட்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் யாரோ ஒரு மாமாவின் முன்னறையில் படுத்தெழும்பியவர்கள்தானே. எங்கள் வீடு இதற்குத் தோதுப்படுமா என்று முடிவெடுக்கிற கட்டத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

2022 மார்ச் 14ஆம் தேதி உக்ரைன் போரிலிருந்து வருகிறவர்களைப் பொதுமக்கள் வீடுகளில் தங்கவைக்கிற 'ஹோம்ஸ் ஃபோர் யுக்ரேன்' திட்டத்தைப் பிரித்தானிய அரசு அறிவித்தது ஞாபகம் இருக்கும். ஒரு நாள் முடிவதற்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். குறைந்தது 6 மாதம் வைத்திருக்க வேண்டும், வாடகை வாங்கக்கூடாது, நன்றித்தொகையாக மாதம் 350 பவுண் கிடைக்கும். அது வீட்டுக்கு 350, தலைக்கு அல்ல. கவுன்சில் ஆள் நேரில் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும், வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு டி.பி.எஸ், அதாவது குற்றப் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும். நேரில் வந்து பார்க்கிற அந்த ஆட்களில் நானும் ஒருவன். ஒரு அளவுநாடா, ஒரு ரோர்ச் லைட், ஒரு படிவம்.

படிவத்தில் இருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தளத்திலும் ஸ்மோக் அலாரம் இருக்க வேண்டும். பொயிலர் இருக்கிற இடத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும். காஸ் சாமான்களைப் பதிவுபெற்ற பொறியியலாளர் பார்த்திருக்க வேண்டும். ஈரக்கசிவு, பூஞ்சணம், வழுக்குகிற படி என்று இங்கிலாந்தில் வீட்டு ஆபத்துகளை 29 வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள், அதையும் பார்ப்போம். பெட்டியறை, அதாவது 'பொக்ஸ் ரூம்', இருக்கிறது பாருங்கள், அதில்தான் சண்டை வரும். பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீடுகளுக்குச் சட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறது: ஒரு பெரிய ஆள் படுக்க 6.51 சதுர மீற்றர், இரண்டு பேருக்கு 10.22. நான் அதையே கையில் வைத்துக்கொண்டேன். லொஃப்ட் அறை என்றால் கூரை ஒன்றரை மீற்றருக்குக் கீழே சரிகிற பகுதி கணக்கில் வராது. நிற்க முடியாத இடத்தை அளந்து என்ன செய்ய? பின்வளவில் கட்டின கொட்டிலை எனக்குக் காட்டவே வேண்டாம். எங்கட ஆட்களுக்குப் பின்வளவில் ஒன்று கட்டாவிட்டால் நித்திரை வராது, அது வேறு கதை.

இவ்வளவும் சரி செய்யக்கூடியவை. அலாரம் வாங்கிப் பூட்டலாம், படிக்குக் கைப்பிடி போடலாம். படிவத்தில் கேட்காத கேள்விகள்தான் ஒரு வீட்டைக் குழப்புகிறவை. அதிலே என்னுடைய பைத்தியம் குசினி. அடுப்பில் ஏதும் வைத்திருந்தால் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

லண்டனில் ஹரோ பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம். நல்ல பெரிய வீடு, அறை விசாலம், அலாரம் எல்லாம் புதிது. மகனும் மருமகளும் என்னை ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே சாமி அறை, அதன் வாசலில் கதிரை போட்டு வயதான அம்மா இருக்கிறா. நான் படிவத்தை மடிக்கிற நேரம் அவ மெதுவாகக் கேட்டா: "தம்பி, அவை மாட்டிறைச்சி சமைப்பினமோ?"

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, சும்மா இருங்கோ. அங்க குண்டு விழுது, நீங்கள் இறைச்சியைப் பற்றிக் கதைக்கிறியள்."

"இல்லைத் தம்பி, கேக்கட்டும்" என்றேன் நான். "இண்டைக்கு இந்த வீட்டில கேட்ட கேள்வியளில இதுதான் முக்கியமானது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அடுப்பு அந்த அம்மாவின் கையில். வருகிறவர்கள் 6 மாதம், மூன்று நேரமும் அதே அடுப்பில்தான் சமைக்கப் போகிறார்கள். இறைச்சி மணம் மாடிப்படிக்குக் கீழே வந்த முதல் நாள் அம்மா ஒன்றும் சொல்லமாட்டா. இரண்டாம் கிழமை சாப்பிடாமல் இருப்பா. மூன்றாம் கிழமை மகன் விருந்தாளியிடம் போய்ச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார், அதற்குப் பிறகு அந்தப் பெண் குசினிக்குள் வரவே கூச்சப்படுவா. போரிலிருந்து பிள்ளையோடு ஓடிவந்தவள் அறைக்குள் இருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வீடு பழுதாகிவிட்டது.

அவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது உக்ரைனின் கார்கிவ் நகரத்துத் தாயும் மகனும். அன்று பின்னேரமே வீடியோவில் கூப்பிட்டு, இது மரக்கறி வீடு, முட்டை மட்டும் பரவாயில்லை என்று நேரே சொன்னார்கள். தாய் சிரித்தாளாம். தன் பொடியன் சொசேஜைத் தவிர வேறொன்றையும் வாயில் வைக்கமாட்டான் என்றாளாம். இரண்டு பக்கமும் மனவருத்தமில்லாமல் அவள் வேறு வீட்டுக்குப் போனாள். பிறகு இந்த வீட்டுக்கு வந்த பெண்மணி முட்டையோடு சமாளிப்பேன் என்று ஒப்புக்கொண்டு வந்தவ. முட்டை பொரிக்கத் தனித் தாச்சி ஒன்று வாங்கிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த அம்மாதான்.

ஆகவே அறையை அளப்பதற்கு முன்னம் குசினியைப் பாருங்கள். பிரிஜில் ஒரு தட்டு முழுதாக ஒதுக்க முடியுமா? அலுமாரியில் ஒரு தட்டு? காலையில் குளியலறைக்கு எத்தனை பேர் வரிசை? அவர்கள் கையில் வாசல் திறப்பு ஒன்று கொடுக்க உங்களுக்கு மனம் இடம் கொடுக்குமா? திறப்பைக் கொடுக்க யோசிப்பவர்கள் இந்தத் திட்டத்தையே யோசிக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம், கடுமையாக இருந்தால் மன்னியுங்கள்.

இன்னொரு வீட்டில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், மிக நல்லவர், எல்லாவற்றிலும் துண்டு எழுதி ஒட்டியிருந்தார். கெற்றிலில், மைக்ரோவேவில், ஜன்னல் கொழுக்கியில், ரோய்லெற் மூடியில்கூட. வந்த இளம்பெண் போனைத் தூக்கி ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் பிடித்து மொழிபெயர்த்து வாசித்துக்கொண்டு நடந்தாள். உதவி செய்யத்தான் ஒட்டியிருந்தார், ஆனால் பார்க்கிறவளுக்கு அது பரீட்சை மண்டபம். பாதியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்.

யார் வரப்போகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். உக்ரைனில் அப்போது 18 முதல் 60 வயது வரையான ஆண்களை வெளியே விடாததால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். ஒரு அறைதான் இருக்கிறது, தாயும் 14 வயது மகனும் வருகிறார்கள் என்றால்? கணவன் மனைவி அல்லாத, 10 வயது தாண்டிய ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்க வேண்டி வந்தால் அது இட நெருக்கடி என்று 1985 வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பொடியன் எங்கே உடுப்பு மாற்றுவான்? தனியாக இருக்கிற ஆண்கள் தனியாக வருகிற பெண்களுக்கு இடம் கொடுக்க முன்வந்ததும் நடந்தது. அதைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. அகதிகள் முகவரகமே 2022 ஏப்ரலில் பிரித்தானிய அரசைக் கேட்டது. நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

உங்கள் பிள்ளைகளின் பக்கமும் இருக்கிறது. மகளுக்கு அந்த வருடம் ஜி.சி.எஸ்.இ, அதாவது 16 வயதில் எழுதுகிற பொதுப் பரீட்சை, படிக்கிற அறையைத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவளைக் கேட்டீர்களா? கேட்காமல் கொடுத்த வீடுகளில் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம்தான் அதிகம் கேட்டது. நகரத்துக்கு வெளியே இருக்கிற வீடு என்றால் பஸ். நாளைக்கு இரண்டு பஸ் ஓடுகிற கிராமத்தில், கார் இல்லாத ஒரு தாய் எப்படி வேலை தேடுவாள், வைத்தியரிடம் போவாள்? பூந்தோட்டம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டு 6 மாதம் இருக்க முடியாது.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். நான் இன்னும் கனக்க வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கடன் வீடென்றால் வங்கிக்குச் சொல்லுங்கள். மின்சாரக் காசு பற்றி முதல் நாளே கதையுங்கள், வாடகைதான் வாங்கக்கூடாது, பில்லில் நியாயமான பங்கு கேட்கலாம். 6 மாதம் முடிந்தபிறகு என்ன என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். தனியாக வாடகைக்குப் போக அவர்களுக்கு முற்பணம் வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும், இரண்டும் ஒரே மாதத்தில் கிடைக்காது. நாலாவது மாதமே கவுன்சிலோடு கதைக்கத் தொடங்குங்கள். நீடிக்க முடியாது என்றால் அதை அப்போதே சொல்லுங்கள், கடைசிக் கிழமை வரை வைத்திருக்க வேண்டாம். ஒரு விரல் காட்டுகிறார், சரி தம்பி. கேள்வி இருப்பவர்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுங்கள், குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.