நின்ற கதிரும் அறுத்த கதிரும்

வணக்கம். மயிலாடுதுறை, கும்பகோணம் கோர்ட்டுகளில் குற்ற வழக்கு நடத்தியே தலை நரைத்தவன் நான். "ஐயா, அவன் என் நெல்லைத் திருடிட்டான்" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "நெல் வயலில் நின்றதா, களத்தில் கிடந்ததா?"

சிரிக்காதீர்கள். அசையும் பொருளைத்தான் திருட முடியும் என்கிறது சட்டம். வேரோடு நிற்கும் கதிர் அசையும் பொருள் அல்ல. அரிவாள் பட்டு மண்ணை விட்டுப் பிரிந்ததும் அது அசையும் பொருள். கொண்டுபோகும் எண்ணத்தோடு அறுத்தால் அந்த அறுப்பிலேயே திருட்டு நடந்துவிட்டது. வண்டியில் ஏற்றினானா என்பதெல்லாம் அப்புறம். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் சொன்னது இது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 303-ஆவது பிரிவில் இதையேதான் சொல்கிறது.

எண்ணம் என்றேன் அல்லவா, வழக்கே அங்கேதான் இருக்கிறது. குத்தாலம் பக்கம் இரண்டு பங்காளிகள். பாகம் பிரியாத நிலம். சின்னவர் குறுவை நட்டார். ஒரு ராத்திரி பெரியவர் அறுவடை மெஷினை இறக்கி, விடிவதற்குள் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிப் படுதா போட்டு மூடிவிட்டார். ஊரே திருட்டு என்றது. அவரோ, "இது எங்கப்பா பங்கு, தீர்வை ரசீது என் பேரில்தான் இருக்கு" என்றார். தனக்கு உரிமை உண்டு என்று ஒருவர் மெய்யாகவே நம்பி எடுத்தால், அந்த நம்பிக்கை தப்பாகவே இருந்தாலும், அங்கே நேர்மையற்ற எண்ணம் இல்லை. எண்ணம் இல்லையென்றால் திருட்டு இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: நம்பிக்கை தப்பாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது. "அப்படியானால் ராத்திரியில் ஏன் அறுத்தீர்?" என்று எதிர்த்தரப்பு குடைந்தது. பகலில் மெஷின் கிடைக்கவில்லை என்று வாடகைச் சீட்டை நீட்டினார். குறுவை அறுப்பில் மெஷினுக்கு அலைகிற பாடு உங்களுக்கே தெரியும். குற்ற வழக்கு நிற்கவில்லை. நெல் யாருக்கு என்பது சிவில் கோர்ட்டுக்குப் போனது.

பம்புசெட் செப்புக் கம்பியை உருவுகிறவனுக்கு இந்த வாதமெல்லாம் செல்லாது. அது திருட்டு. தடுக்க வந்தவரை அடித்துவிட்டுக் கொண்டுபோனால் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை, ஆயுள் தண்டனை வரை போகும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். புகார் பற்றி நிறையச் சொல்ல வந்தேன், சரி, சுருக்கமாக. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். போலீசார் பதிய மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். ஜாமீன் என்பது விடுதலை இல்லை. வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும். வணக்கம்.