மெஷினில் பதிவாகாத ஆள்: மும்பை ரேஷன் கடையும் கைரேகையும்

[காட்சி: தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு ரேஷன் கடை]

தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டை வைத்து மும்பையில் அரிசி வாங்கலாமா? கார்டில் அச்சாகியிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றிருந்தால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, மிக ஏழைக் குடும்பம்) என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இரண்டும் இங்கே செல்லும். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) கார்டு செல்லாது. அந்த அரிசி தமிழ்நாடு அரசு தன் செலவில் தருவது. மாநில எல்லையைத் தாண்டாது.

[காட்சி: மெஷினில் விரல், திரையில் ‘பொருந்தவில்லை’]

தானியம் தருவதற்கு முன் கடை மெஷின் உங்கள் கைரேகையை ஆதார் பதிவோடு ஒப்பிடும். தோல் பட்டறையிலும் சிமெண்டிலும் வேலை செய்பவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். வயதானவர்களுக்கும் அப்படித்தான். கையைக் கழுவித் துடையுங்கள், மெஷின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். தோல் மிகவும் வறண்டிருந்தால் லேசாக ஈரப்படுத்துங்கள். ஆதாரில் 10 விரல்களும் பதிவாகியிருக்கின்றன. கட்டைவிரலோடு நிற்காமல் மற்ற விரல்களையும் வையுங்கள். கார்டில் பெயருள்ள இன்னொருவரும் வைக்கலாம். ஆனால் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்தவருக்கு அந்த வழி இல்லை. ஓடிபி கேட்டால், ஆதாரில் இருப்பது எப்போதோ கைவிட்ட பழைய நம்பராக இருக்கும்.

ரேகை பொருந்தவில்லை என்று தகுதியுள்ளவருக்குத் தானியத்தை மறுக்கக் கூடாது. மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே இதை உத்தரவாகச் சொல்லிவிட்டது. மறுத்தால் ரேஷன் புகார் எண் 1967-க்குப் போன் செய்யுங்கள்.

[காட்சி: நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்ட பக்கம்]

ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு இங்கே பெரிய வேலை காத்திருக்கிறது. மெஷினுக்குத் தெரிவது விரல் வைத்த முயற்சிகள் மட்டும்தான். மூன்று முறை தோற்று நான்காவதில் ரேகை பொருந்தினால், தானியம் வாங்கியவராகவே அவர் கணக்கில் வருவார். அதற்காக அரைநாள் கூலி போனது எங்கும் ஏறாது. இரண்டு மாதம் அலைந்து சலித்து வருவதையே நிறுத்திவிட்டவர் அந்தத் தரவில் சுத்தமாக இல்லை. இது சிறிய ஓட்டை அல்ல. மெஷின் தரவை மட்டும் நம்பிய ஆய்வில், அதிகம் இழந்தவர்தான் முதலில் காணாமல் போவார்.

கடை வாசலில் ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை முயற்சி, எத்தனை நிமிடம், என்ன முடிவு என்று குறியுங்கள். தோல்வியின் காரணத்தை நான்காகப் பிரியுங்கள்: ரேகை பொருந்தவில்லை, சர்வர் கிடைக்கவில்லை, கார்டோடு ஆதார் இணையவில்லை, சரக்கு இல்லை. நான்கையும் ‘டெக்னிக்கல் பிரச்சினை’ என்று ஒரே கட்டத்தில் போட்டால் யாரைச் சரிசெய்யச் சொல்வது என்றே தெரியாது.

பிறகு வீடு வீடாகப் போய், கார்டு இருந்தும் வாங்காதவர்களைப் பட்டியல் எடுங்கள். மாதக் கடைசி வாரத்தில் போங்கள். முன்னதாகப் போனால், ‘இன்னும் வாங்கவில்லை’ என்பவரையும் ‘வாங்க முடியவில்லை’ என்பவரையும் பிரிக்க முடியாது.