ராஜாவுக்குச் செக்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

போன வாரம் நான் கொடுத்த செக் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கணக்கில் பணம் இருக்கிறது, கையெழுத்துதான் ஒத்துப்போகவில்லையாம். நேரில் போய்ச் சண்டை போட்டேன். "செக்கை நன்றாகச் செக் செய்துதான் திருப்பினோம், சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். கோபத்தோடு வெளியே வந்தால், வாசலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரின் கைலியில் மூன்றாவது செக். மூன்றும் ஒரே சொல் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த கதை.

அதற்கு முன் ஒன்று. எண்ணெய் ஆட்டும் நம்மூர்ச் செக்குக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், கும்பிடுங்கள். ஒலி ஒத்திருந்தால் உறவு கொண்டாடிவிடும் சொல்லாராய்ச்சியாளர்கள் பெருகிவிட்டதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. அங்கே ராஜாவுக்குப் பெயர் 'ஷா'. எதிரியின் ராஜாவைத் தாக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அந்தக் குரல் அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று வாய் மாறி மாறி ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. பிரெஞ்சில் அதன் பன்மைதான் தேய்ந்து 'செஸ்' ஆயிற்று. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. ராஜா செத்தான் என்று அரபு வழியில் பொருள் சொல்பவர்கள் உண்டு. செய்வதறியாது நிற்கிறான் என்ற பாரசீகப் பொருளே எனக்குப் பிடிக்கிறது. இந்த ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே! 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோதும், டிங் லிரன் கடைசி ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்தார். அவருடைய ராஜா பலகையில்தான் நின்றது.

செக் வாங்கிய ராஜா வேறு வேலை பார்க்க முடியாது. அதனால் 'செக்' என்றால் தடுப்பது, மறிப்பது என்றாயிற்று. மறித்தால் அடுத்தது? சோதனைதான். மாம்பலம் ரயில் நிலையத்தில் படி இறங்கும் இடத்தில் பரிசோதகர் முதலில் வழியை மறிக்கிறார், பிறகு டிக்கெட் கேட்கிறார். சொல்லின் வரலாறு முழுவதையும் அவர் இரண்டே நொடியில் நடித்துக் காட்டிவிடுகிறார்.

இனிப் பணத்துக்கு வருவோம். பழைய பிரெஞ்சில் செஸ் பலகைக்கு 'எஷெக்கியே' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்குப் பார்க்கப் பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை; அதன்மேல் செஸ் பலகைபோலக் கோடுகளால் பிரித்த துணி. அதனால் மேசைக்கும் அந்தப் பெயரே வந்தது. பவுனுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பென்னிக்கு ஒரு பத்தி. அவற்றில் வட்டக் காய்களை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரிக்கும் கண்ணெதிரே கணக்குத் தெரிந்துவிடும். அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். செஸ்ஸில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இந்த மேசையில் பொருளாளரும், வரி வசூலித்து வந்த ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்பது அவருடைய உவமை. மேசையின் பெயரே கருவூலத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் 'எக்ஸ்செக்கர்' சான்சலர்தான்.

அதே பலகையின் கட்டங்கள் துணிக்கும் பெயர் கொடுத்தன. அதில் நமக்கும் பங்கு உண்டு. கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்றே பெயர். துவைத்தால் சாயம் போகும். அமெரிக்காவில் அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். நம் வீட்டில் அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அன்று பாலமும் செக் சட்டை போட்டுக்கொண்டது.

வங்கிச் செக்கின் கதைதான் எனக்கு வலிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றால் பணத் தாள் அல்ல, அதன் அடிக்கட்டை. தாளில் யாராவது கைவைத்தால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். மோசடியை மறிக்கும் துண்டு, அவ்வளவுதான். பிறகுதான் பெயர் தாளுக்கே தாவியது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டனில் எழுத்துக்கூட்டலையும் மாற்றினார்கள். அமெரிக்கர்கள் இன்றும் ராஜாவுக்கும் வங்கிக்கும் ஒரே எழுத்துகளைத்தான் போடுகிறார்கள். நமக்குக் 'காசோலை' என்று அழகான சொல் இருக்கிறது. அச்சில் வாழ்கிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஆக, கவுன்ட்டர் பெண் சொன்னது முழுக்கச் சரி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே பிறந்த தாளை அவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவரிடம் இருக்கும் என் மாதிரிக் கையெழுத்து, முப்பது வருடங்களுக்கு முன் விரல் நடுங்காத காலத்தில் போட்டது. நாளைக் காலை புதிதாகப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். இரண்டு புகைப்படங்களும் ஆதார் அட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.